ஊர்ப்பெயர் இல்லாத ஆலை

(மே நாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

திரைப்படத்தைப் பற்றி நம் மேடையில் பேசுவதா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் பிழையில்லை. திரைப்படத்தை நாம் பெரும்பாலும் கடிந்தே பேசி வந்திருக்கின்றோம். தமிழனின் பொழுதையும் பொருளையும் தின்று, நடிகனின் நிழலுக்குக் கற்பூரம் காட்ட வைத்த கருவி அது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. எழுதப் படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளி ஒருவன், தன்னைப் போன்ற இன்னொருவனை முதன்முதலாகக் கண்டது ஏட்டில் அன்று, வெள்ளைத் திரையில்தான். அங்கே அவன் எப்படிக் காட்டப்பட்டான், அவன் நடத்திய போராட்டம் எப்படிக் காட்டப்பட்டது என்று மே நாளில் கேட்டுப் பார்ப்பது தகாத செயலாகாது.

என் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. கதிர் ஓடும் கூடத்தில் முப்பதாண்டு நின்றவர். விடுமுறை நாளில் எங்களைத் திரையரங்கிற்கு அழைத்துச் செல்வார். ஒருமுறை ஆலைப் போராட்டம் பற்றிய படமொன்றைப் பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். சிறுவனாகிய எனக்குப் படம் மிகவும் பிடித்துப் போயிற்று. கதைத்தலைவன் முதலாளியின் முகத்துக்கு நேரே நின்று பேசிய பேச்சை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். தந்தையார் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "எல்லாஞ் சரிதான் கண்ணு. ஆனா அந்த மில்லுல பஞ்சே பறக்கலியே" என்றார். இன்னும் சற்றுத் தொலைவு நடந்தபின், "ஓடுற மிசினுக்குப் பக்கத்துல நின்னு அத்தனை மெதுவாப் பேசுறாங்க. நாங்க காதுக்குள்ள கத்தோணும்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன திறனாய்வு. அவர் இமையில் ஒட்டிய பஞ்சு, வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகும் போகாது. இருமல் கடைசிவரை போகவில்லை. அந்தப் படத்தில் அழுகை இருந்தது, அடிதடி இருந்தது, பாட்டும் இருந்தது. பஞ்சு மட்டும் இல்லை. அன்றிலிருந்து ஆலை வரும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இந்த ஆலை எந்த ஊரில் இருக்கிறது?

கேட்டுப் பாருங்கள் தோழர்களே. பெரும்பாலும் விடை கிடைக்காது.

1960ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த 'இரும்புத்திரை'யை எடுத்துக்கொள்வோம். எசு. எசு. வாசன் இயக்கிய செமினி நிறுவனப் படம். சிவாசி கணேசன் தொழில்நுட்பம் பயின்று ஆலையில் சேரும் இளைஞன். அண்ணனாக வரும் எசு. வி. இரங்காராவ் அதே ஆலையில் பல்லாண்டு உழைத்தவர். முதலாளியின் உப்பைத் தின்றோம் என்று உருகுபவர். தம்பி தொழிலாளரைத் திரட்டுகிறான். வேலைநிறுத்தம் வருகிறது. அண்ணன் முதலாளி பக்கம், தம்பி தொழிலாளர் பக்கம். ஒரே சமையலறையில் இரண்டு கட்சி. இதுவரை கதை மெய்யானது. ஒரு வேலைநிறுத்தம் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பது ஆலைத் தெருக்களில் பிறந்த எவருக்கும் தெரியும். பிறகுதான் திரைக்கதை தன் வேலையைக் காட்டுகிறது. கதைத்தலைவி, முதலாளி முன்னொரு காலத்தில் கைவிட்ட மனைவியின் மகள் என்று வெளியாகிறது. கூலிச் சிக்கலாகத் தொடங்கிய கதை பெற்ற மகளை ஏற்றுக்கொள்வாரா என்ற சிக்கலாக மாறிவிடுகிறது. முதலாளி மனம் திருந்துகிறார். அவர் திருந்தியதும் எல்லாம் சரியாகி விடுகிறது. தொழிலாளர் கேட்ட கூலி எவ்வளவு, கிடைத்த கூலி எவ்வளவு என்பதா நமக்கு நினைவில் நிற்கிறது? இல்லை. தந்தையும் மகளும் சேர்ந்த கண்ணீரே நினைவில் நிற்கிறது.

இதே கதையை வாசன் அதற்கு முந்தைய ஆண்டு, 1959இல், இந்தியில் 'பைகாம்' என்ற பெயரில் எடுத்து வெளியிட்டார். அங்கே திலீப்குமார், இங்கே சிவாசி கணேசன். இரண்டிலும் வைசயந்திமாலாவே கதைத்தலைவி. ஒரே ஆலை இரண்டு மொழிக்கும் பொருந்த வேண்டுமானால் அது எந்த ஊரின் ஆலையாகவும் இருக்கக்கூடாது. கோவையின் ஆலையாக இருந்தால் வடக்கே விலைபோகாது. கான்பூரின் ஆலையாக இருந்தால் இங்கே விலைபோகாது. எனவே, ஊர்ப்பெயர் இல்லாத ஆலை, கூலிக்கணக்கு இல்லாத வேலைநிறுத்தம், நாள் குறிக்கப்படாத வெற்றி. வணிகத்துக்கு இது மிகவும் நல்லது. வாசனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தம் தொழிலைத் திறம்படச் செய்தார். வேலைநிறுத்தம் என்ற ஒன்றைப் பெருஞ்செலவில் எடுத்த படத்தின் நடுவில் வைக்கும் துணிவு அவருக்கு இருந்தது என்பதையும் நான் மறைக்கவில்லை.

பழைய படங்களுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. வேலைநிறுத்தம், கதவடைப்பு, வாயிற்கூட்டம், கருங்காலி ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். இவற்றைப் புலவர் குழு கூடியிருந்து ஆக்கவில்லை. ஆலை வாயிலில், துண்டறிக்கையில், தொழிலாளரிடையே உருவாகி நிலைத்த தூய தமிழ்ச் சொற்கள் இவை. தன் இனத்தையே வெட்டும் கோடரிக்குக் காம்பாகும் மரத்தின் பெயரை, தன் தோழனைக் காட்டிக்கொடுப்பவனுக்கு வைத்தானே, அந்தத் தொழிலாளியைவிடச் சிறந்த சொல்லாக்கக்காரர் யார்? இச்சொற்களைக் குமரி முதல் திருத்தணி வரை கொண்டு சேர்த்ததில் திரைப்பட உரையாடலுக்குப் பங்குண்டு.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதலாளி, தொழிலாளி என்னும் இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலை ஆள்பவன் முதலாளி. தொழிலை ஆள்பவன் தொழிலாளி. இருவரும் ஆளிகளே. ஒருவன் ஆண்டான், மற்றவன் அடிமை என்று நம் மொழி சொல்லவில்லை. கூலமாகக் கொடுத்தது கூலி என்றும், சம்பா நெல்லும் அளத்து உப்புமாகக் கொடுத்தது சம்பளம் என்றும் மொழிஞாயிறு பாவாணர் விளக்குவார். வள்ளுவர் காலத்தில் ஈட்டத்தைக் குறித்த ஊதியம் என்னும் சொல்லை இன்று நாம் உழைப்பின் விலைக்கு வழங்குகிறோம். 'முதலாளி' என்று 1957இல் ஒரு படம் வந்தது. 'தொழிலாளி' என்று 1964இல் ஒரு படம் வந்தது. தலைப்பில் இருந்த இந்தச் சமன்மை கதைக்குள் இருந்ததா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான படங்களில் தொழிலாளி கேட்பது உரிமையை அன்று, இரக்கத்தை.

தமிழகத்து வேலைநிறுத்தங்களுக்கு ஊர்ப்பெயர் இல்லையா? நாள் இல்லையா? உண்டு. சிலவற்றைச் சொல்கிறேன்.

தூத்துக்குடி, கோரல் ஆலை, 1908 பிப்பிரவரி 27. வெள்ளையர் ஆர்வி நிறுவனத்தின் நூற்பாலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வும், வார விடுமுறையும், வேலைநேரக் குறைப்பும் கேட்டனர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச்சுத் திங்கள் முதற்கிழமையிலேயே நிறுவனம் இறங்கி வந்தது. தொழிலாளர் வென்றனர். மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்பட்டார். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கை நாம் எல்லாரும் அறிவோம். கப்பல் ஓட்டியதற்காக மட்டும் அவர் செக்கிழுக்கவில்லை தோழர்களே. கூலி உயர்வு வாங்கிக்கொடுத்ததற்காகவும்தான்.

இவ்வரலாறு ஒருமுறை திரைக்கு வந்தது. ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி 1961இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்'. சிவாசி கணேசன் சிதம்பரனார். டி. கே. சண்முகம் சிவா. எசு. வி. சுப்பையா பாரதி. அதிலே ஆலைத் தொழிலாளர் வருகிறார்கள். அவர்களுக்கு ஊர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, எதிரி யார் என்பதும் இருக்கிறது. பிறந்த மகளோ மறைந்த மனைவியோ வந்து போராட்டத்தை முடித்து வைக்கவில்லை. தமிழன் அந்தப் படத்தை எப்படி வரவேற்றான்? பந்துலுவுக்குப் பெரும்பொருள் இழப்பு. முந்தைய ஆண்டு ஊர்ப்பெயர் இல்லாத ஆலைக்குப் போன கூட்டம் தூத்துக்குடி ஆலைக்கு வரவில்லை. எடுத்தவர் கன்னட நாட்டில் பிறந்தவர். பார்க்காமல் விட்டவர்கள் நாம். இதை இம்மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது சென்னைப் பெரம்பூர். 1918 ஏப்பிரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர்; தமிழ்த்தென்றல் திரு. வி. க. அதன் நெஞ்சும் நாவும். ஆலைவாயில் கூட்டங்களிலேதான் நம் மேடைத்தமிழ் உரம்பெற்றது என்பேன். எழுத்தறியாத ஆயிரம் பேருக்கு முன்னால் கூலியையும் ஆக்கத்தையும் முதலையும் பற்றித் தூய தமிழில் பேசி விளங்கவைக்க முடியும் என்று காட்டியவர் திரு. வி. க. 1921இல் பக்கிங்காம், கர்நாடக ஆலைகளின் பெரும் வேலைநிறுத்தம் திங்கள் கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆனால் அந்த வேலைநிறுத்தத்தை உடைத்தது துப்பாக்கி மட்டுமன்று. ஆதிதிராவிடத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். அவர்கள் திரும்பியதற்குக் கரணியம் உண்டு. தெருவில் தம்மைத் தீண்டாதவன், ஆலை வாயிலில் மட்டும் தோழனே என்றால் எப்படி நம்புவது? நிறுவனம் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தமிழனின் வீட்டைத் தமிழனே எரித்தான்.

பழைய திரை இந்நிகழ்ச்சியைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதை நான் புரிந்துகொள்கிறேன். இதைப் படமாக்கினால் தீயவனாகக் காட்ட ஒரு கணக்குப்பிள்ளையோ மேலாளரோ போதாது. திரையரங்கில் அமர்ந்திருப்பவர்களுள் பாதிப் பேர் தம் முகத்தையே அங்கே பார்க்க நேரும். ஆலைக்கு ஊர்ப்பெயர் வைத்தால் தொழிலாளிக்குச் சாதிப்பெயரும் வந்து சேர்ந்துவிடும். அந்த அச்சமே பல கதையாசிரியர்களை ஊர்ப்பெயர் இல்லாத ஆலைக்குள் ஒளியவைத்தது என்று எண்ணுகிறேன். தமிழர் ஒன்றுபடவேண்டும் என்று நாள்தோறும் பேசுகின்ற நமக்கு 1921ஐப் போன்ற பாடம் வேறில்லை. நாமும் அதை மேடையில் மிகுதியாகப் பேசுவதில்லை. திரையை மட்டும் குறை சொல்வானேன்?

மூன்றாவதாகத் தென்னிந்தியத் தொடர்வண்டி. 1928இல் நாகப்பட்டினம், போத்தனூர் பணிமனைகளைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்புச் செய்ய முற்பட்டபோது தொழிலாளர் எழுந்தனர். 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடிய அதே சிங்காரவேலர் முதிய வயதில் சிறை புகுந்தார். இதிலே ஒரு விந்தை உண்டு. 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்று தமிழர்க்குத் திரைப்படத்தைக் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டு, திருச்சியில் அதே தொடர்வண்டி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். திரைப்படம் இம்மண்ணில் பரவியதே ஒரு தொடர்வண்டி ஊழியரால். தொடர்வண்டித் தொழிலாளரின் போராட்டமோ பழைய திரைக்கு வரவே இல்லை.

நான்காவதாக என் ஊர்ப்பக்கம். கோவையில் 1930களின் நடுவில் சென்ட்ரல் படநிலையம் எழுந்தது. அதற்கு முதல் போட்டவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆலை முதலாளி. பஞ்சில் விளைந்த பணம் படச்சுருளில் முதலாகியது. சேலத்து மாடர்ன் தியேட்டர்சை நிறுவிய டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். எவரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இல்லையேல் தமிழகத்து ஊர்களில் படத்தொழிலே வளர்ந்திராது. ஆனால் கணக்கைப் பார்க்கவேண்டும் அல்லவா? 1943இல் அந்தப் படநிலையத்தில் உருவாகி வந்த பெரும்படம் 'சிவகவி'. அதே ஆண்டுகளில் அதே கோவையின் ஒரு பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? சின்னியம்பாளையத்தின் இரங்கவிலாசு ஆலைத் தொழிலாளர் நால்வர் கொலைவழக்கில் சிக்கி, தூக்குத் தண்டனை பெற்று, முறையீட்டின்மேல் முறையீடாக அலைந்துகொண்டிருந்தனர். இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன். 1946 சனவரி 8ஆம் நாள் கோவைச் சிறையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். ஊரே திரண்டு அடக்கம் செய்தது. அந்த நால்வரின் கதையை எடுக்கக் கருவியும் ஆளும் அந்த நகரத்திலேயே இருந்தன. எடுக்கத்தான் யாரும் இல்லை.

வெள்ளையன் காலத்தில் எடுத்திருந்தாலும் வெளிவந்திராது என்பீர்கள். உண்மைதான். அன்றைய சென்னைத் தணிக்கைக் குழுவின் தலைமையில் இருந்தவர் காவல்துறை ஆணையரே. 1934இல் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்து எழுதிய ஆலைத் தொழிலாளர் படம் ஒன்று மும்பையில் தடைசெய்யப்பட்டது. ஆனால் 1947க்குப் பிறகு எந்தக் காவல்துறை ஆணையர் நம் கையைப் பிடித்தார்? தணிக்கை தளர்ந்த பின்னும் நம் கதையாசிரியர்கள் ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. கைவிலங்கைக் கழற்றிய பிறகும் கையைச் சேர்த்தே வைத்துக்கொண்டு நடந்தவர்களைப் போல நடந்தார்கள்.

விதிவிலக்காக ஒரு முயற்சி நிகழ்ந்தது. 'இரும்புத்திரை' வந்த அதே 1960ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'பாதை தெரியுது பார்'. பொதுவுடைமைச் சார்பாளர் பலர் கைப்பொருளைச் சேர்த்து எடுத்த படம். எம். பி. சீனிவாசன் இசை. கே. விசயன் கதைத்தலைவன். செயகாந்தன் பாட்டெழுதினார். பெரும் நடிகர் இல்லை, பெரும் நிறுவனம் இல்லை. நடுவணரசின் நற்சான்று கிடைத்தது. திரையரங்கில் படம் நிற்கவில்லை. அதன் பாடல்களை இன்றும் முணுமுணுப்பவர் உண்டு. அப்பாடல்கள் தொழிலாளர் படமொன்றில் வந்தவை என்று அறிந்து முணுமுணுப்பவர் குறைவு.

அதை இயக்கிய நிமாய் கோசு வங்கத்தவர். 1950இல் வங்கத்தில், நாட்டுப் பிரிவினையால் வேரறுக்கப்பட்ட உழவர்களைப் பற்றி 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்தவர். மெய்யான ஏதிலியரையே சியால்தா தொடர்வண்டி நிலையத்தில் வைத்துப் படம்பிடித்தவர். பின்னர் சென்னைக்கு வந்து இங்கேயே வாழ்ந்தார். அவரும் எம். பி. சீனிவாசனும் திரைத்துறைத் தொழிலாளர்க்கு அமைப்புகள் உருவாக உழைத்தனர். ஒளிவிளக்குத் தூக்குபவனும், பின்னணியில் கருவி இசைப்பவனும் கூலியை உரிமையாகக் கேட்கும் நிலை வந்ததில் அவர்கள் பங்கு பெரிது. திரையில் தொழிலாளியைக் காட்டிய பலர், திரைக்குப் பின்னால் நின்ற தொழிலாளியைப் பார்த்ததில்லை. இவர்கள் பார்த்தார்கள்.

சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவரும் தேவி பிரசாத் இராய் சௌத்திரி என்னும் வங்கத்தவரே. கடப்பாறையால் பாறையை நகர்த்தும் அந்த நால்வரையும் தமிழனுக்குச் செதுக்கித் தந்தவர் வங்கத்தவர். தமிழனின் ஆலைப்போராட்டத்தைப் படம்பிடிக்க வந்தவர் வங்கத்தவர். தூத்துக்குடிப் போராட்டத்தைத் திரைக்குக் கொணர்ந்தவர் கன்னட நாட்டவர். 1969இல் வந்த 'துலாபாரம்' மலையாளத்துத் தோப்பில் பாசியின் நாடகம். தொழிலாளியான கணவன் போராட்டத்தில் உயிரிழக்க, பசி தாங்காது தன் மக்களுக்கு நஞ்சு கொடுத்துவிட்டு வழக்குமன்றத்தில் நிற்கும் தாயின் கதை. முதலாளி திருந்தாத கதை அது என்பதால் அதை மதிக்கிறேன். ஆனால் அதுவும் வெளியிலிருந்துதான் வந்தது. அயலார் வந்து செய்தார்களே என்று நான் சினக்கவில்லை. அவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன். தமிழ், தமிழர், தமிழ்நாடு என்று முழங்கிய நம்மவர் கையில் எழுதுகோலும் இருந்தது, படக்கருவியும் இருந்தது, நாடாளும் வாய்ப்பும் பின்னர் வந்தது; அவர்கள் என்ன எடுத்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒற்றை வீரனை எடுத்தார்கள். படகோட்டியாக, உழவனாக, மிதிவண்டி இழுப்பவனாக அவன் வந்தான். அவன் ஒருவனே எல்லாருக்காகவும் அடிப்பான், எல்லாருக்காகவும் பாடுவான். மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று கைதட்டுவார்கள். வேலைநிறுத்தத்தின் வலிமையே எண்ணிக்கையில் இருக்கிறது. ஆயிரம் பேர் ஒரே நாளில் கையை மடக்கிக்கொண்டு நிற்பதுதான் அது. அதை ஒருவனுடைய தோள்வலிமையாக மாற்றியபோது, தொழிலாளி தன் தோழனை நம்புவதை விட்டு நடிகனை நம்பத் தொடங்கினான். 1925இல் உருசிய நாட்டு ஐசென்சுடைன் 'வேலைநிறுத்தம்' என்றே பெயரிட்டு ஒரு பேசாப்படம் எடுத்தார். அதில் தனித்த கதைத்தலைவன் கிடையாது. தொழிலாளர் கூட்டமே கதைத்தலைவன். நூறாண்டு ஆகிவிட்டது.

வேறொரு நாட்டுப் படத்தையும் சொல்லவேண்டும். மொழியும் கூலியும் ஒன்றாகப் பின்னிய போராட்டத்தை அதைப்போல் காட்டிய படம் அரிது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு துத்தநாகச் சுரங்கம். சுரங்கத்தில் இறங்குபவர் மெக்சிகோ வழியினர். வீட்டில் பேசுவது எசுப்பானியம். நிலமும் ஒருகாலத்தில் அவர்கள் முன்னோருடையது. வெள்ளைத் தொழிலாளிக்கு ஒரு நிலை, இவர்களுக்கு ஒரு நிலை. வெள்ளையன் வீட்டில் குழாய்நீர் உண்டு, இவர்கள் வீட்டில் இல்லை. 1950 அக்தோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1952 சனவரி வரை, பதினைந்து திங்கள் நீண்டது. மறியல் செய்யத் தொழிலாளர்க்கு வழக்குமன்றம் தடைபோட்டது. உடனே அவர்கள் மனைவியர் மறியலுக்கு வந்து நின்றனர். தடையாணை தொழிலாளர்க்குத்தானே, மனைவியர்க்கு இல்லையே! ஆண்கள் வீட்டில் துணி துவைத்தனர். அப்போதுதான் தண்ணீருக்காகப் பெண்கள் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

இதை 1954இல் 'மண்ணின் உப்பு' என்று பொருள்படும் பெயரில் படமாக்கினார் எர்பர்ட்டு பீபர்மன். பொதுவுடைமையர் என்று சிறையிலிடப்பட்டு, படத்துறையிலிருந்து விலக்கப்பட்டவர் அவர். கதைத்தலைவனாக நடித்தவர் அந்த ஊர்த் தொழிற்சங்கத் தலைவரே. சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் மனைவியரும் தம் போராட்டத்தைத் தாமே நடித்துக் காட்டினர். கதைத்தலைவியாக நடித்த மெக்சிகோ நடிகையைப் படப்பிடிப்பு முடியும் முன்பே கைதுசெய்து நாட்டைவிட்டு அனுப்பினார்கள். படம் முடிந்தபின் திரையிட அரங்குகள் மறுத்தன. ஒரு திரைப்படத்தைக் கண்டு ஒரு வல்லரசு இத்தனை அஞ்சியது ஏன்? அந்தப் படத்துக்கு ஊர் இருந்தது. நடித்தவர்களுக்கு மெய்யான வீடும் அந்த வீட்டில் மெய்யான பசியும் இருந்தன. கூலி கேட்டவர்கள், கூடவே தம் இனத்துக்குச் சமநிலையும் கேட்டார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்று ஊரறியச் சொன்னார்கள். தமிழ்த்தேசியம் பேசும் நாம் தொழிலாளர் சிக்கலைப் பொதுவுடைமையருக்கு விட்டுவிட்டோம். அவர்கள் மொழிச் சிக்கலை நமக்கு விட்டுவிட்டார்கள். அச்சுரங்கத்துப் பெண்கள் அப்படிப் பங்குபிரிக்கவில்லை.

ஆலையிலிருந்து வயலுக்கு வந்தால், கீழவெண்மணி. 1968 திசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். இதை அடியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' என்ற புதினம் எழுதினார். அதைத் தழுவி 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' வந்தது. துணிவான முயற்சி. ஆயினும் அப்புதினம், நிலக்கிழாரின் ஆண்மைக் குறையைக் கொடுமையின் வேராகக் காட்டியது. முதலாளி திருந்துவதும் நிலக்கிழாரின் உடற்குறையும் ஒரே வகைதான் தோழர்களே. கூலிக்கணக்கைத் தனியொருவனின் உள்ளத்துக்குள்ளோ உடலுக்குள்ளோ தேடுவது. வெண்மணியில் கேட்டது நெல். மறுத்தது நெல். எரித்தது அந்த நெல்லுக்காக.

அண்மைக் காலத்தில் ஊரும் சாதியும் பெயரும் சொல்லும் இளைஞர்கள் தமிழ்த்திரைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச நான் இங்கு வரவில்லை. பழையதைப் பற்றியே பேசச் சொன்னார்கள். அவர்களுள் யாரேனும் நாளை பெரம்பூரையோ பொன்மலையையோ சின்னியம்பாளையத்தையோ எடுக்க விரும்பினால் அவர்களுக்குச் செய்தி எங்கே கிடைக்கும் என்பதே என் கவலை. அந்தக் காலத்துத் தொழிலாளர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் என்னைப்போல் முதுமை எய்திவிட்டார்கள். எந்தக் கூடத்தில் எத்தனை கதிர், இரவு முறைக்கு எப்போது சங்கு ஊதும், ஒரு கிழமைக்கு என்ன கூலி, மறியலின்போது எந்தக் கடைக்காரர் கடனுக்கு அரிசி கொடுத்தார், எவர் கருங்காலியானார் என்பவை எல்லாம் வீட்டுத் திண்ணைகளிலேதான் கிடக்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். தந்தையோ பாட்டனோ ஆலையிலும் பணிமனையிலும் வேலை பார்த்தவர் இக்கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாயிலருகில் இருப்பேன். குறிப்பேடு கொண்டுவந்திருக்கிறேன். வந்து அமர்ந்து சொல்லுங்கள்; ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குங்கள்.